மூன்றாம் வேற்றுமை

ஓலசுண்ட் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கிறது எங்கள் கப்பல்.
மீன் இறக்கியாயிற்று.
தளம் முழுக்க ஹெரிங் செதில், காலில் ஒட்டிக்கொண்டு அறைக்குள்ளும் வருகிறது.
விபத்து அறிக்கை ஆங்கிலத்தில் வேண்டுமாம்
ஹாம்பர்க் காப்பீட்டுக்காரர்களுக்கு, மாலை ஐந்துக்குள்.
கப்பலில் ஆங்கிலம் படித்தவள் நான் ஒருத்தி,
அதுவும் க்ளைபேடாவில், பள்ளிக்கூடத்தோடு சரி,
கடைசிப் பரீட்சையில் எழுபத்தெட்டு.

முதல் கட்டம்: நேரம். 04:10.
அதில் சிக்கல் இல்லை.
இரண்டாம் கட்டம்: என்ன நடந்தது.

'தி ஹேட்ச் வாஸ் க்ளோஸ்ட்' என்று எழுதினேன்.
மீன் அறைக் கதவு மூடப்பட்டது.
திரும்பப் படித்தால்
கதவு மூடிக் கிடந்தது என்றும் ஆகிறது,
யாரும் தொடாமலே, எதிரே மலை கிடக்கிற மாதிரி.
இரண்டுக்கும் அதே சொற்கள்தான்.

"முன்னாடியே மூடியிருந்தது, இல்லையா?
அப்படிப் போடு" என்றார் கேப்டன் கின்டவுதஸ்
என் தோளுக்குப் பின்னால் நின்று, மெதுவாகத்தான்.
அதற்கு 'ஹேட் பீன்' வேண்டும்.
போட்டுப் பார்த்தேன்.
யோகூபஸ் மூடிய இரும்புக்குள் கைவிட்டவன் ஆகிறான்.
அவன் வலை தைக்கிறவன், மாயக்காரன் இல்லை.
அடித்தேன்.

'வாஸ் பீயிங் க்ளோஸ்ட்.'
மூடப்பட்டுக்கொண்டிருந்தது.
இலக்கணத்துக்கும் சரி, நடந்ததற்கும் சரி.
ஆனால் இந்த 'பீயிங்' உள்ளே
ஹைட்ராலிக் உறுமுகிறது,
நெம்புகோல் மேல் ஒரு கையுறை தெரிகிறது,
ஆரஞ்சு நிறம், கட்டைவிரல் பக்கம் கிழிந்தது.
முடிந்த வினை ஆள் இல்லாமல் படுத்துக்கிடக்கும்.
நடந்துகொண்டிருக்கிற வினை ஆளைக் கேட்கும்.
கேப்டனுக்கு அது தெரிந்திருக்கிறது,
ஆங்கிலம் தெரியாமலே.

எங்கள் லிதுவேனிய மொழியில்
கத்திக்கு, கோடரிக்கு 'ஆல்' உண்டு.
மூடியவருக்கு, வெட்டியவருக்கு அது ஒட்டாது.
என்னால் மூடப்பட்டது என்று சொல்ல வராது,
என்னுடைய மூடப்பட்டது என்றுதான் சொல்லவேண்டும்,
சைக்கிள் என்னுடையது, பல்வலி என்னுடையது என்பதுபோல.

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன்.
"எழுதிட்டியா?"
எழுதுகிறேன் என்றேன்.
"விரல் போச்சுன்னு எழுதாதே" என்றான் யோகூபஸ்.
"ரெண்டும் இன்னும் அரிக்குது.
சொறியப் போனா கட்டுதான் இருக்கு."
சிரித்தான். மருந்துச் சிரிப்பு.

அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு காலம் இருக்கிறது.
'ஹேவ் பீன்': அன்று பட்டு, இன்றுவரை வந்து நிற்பது.
எழுதினேன். விரலுக்குக் கையுறைபோல் பொருந்தியது.
பிறகு மேலே பார்த்தால் 04:10.
மணி குறித்துவிட்ட வாக்கியத்தில் 'ஹேவ் பீன்' வரக்கூடாது.
அன்று என்னிடம் குறைந்த இருபத்திரண்டில்
இரண்டு இதற்காகப் போனது.
மணி சொன்னால் வினை அந்த மணிக்குள்ளேயே முடிந்தாகவேண்டும்.
'வேர்' என்று மாற்றினேன்.
விரல்கள் துண்டிக்கப்பட்டன.
அரிப்புக்குத் தாளில் கட்டம் இல்லை.

நாலரை.
'வாஸ் பீயிங்' அங்கேயே இருக்கிறது.
கேப்டன் படிக்கவில்லை, கடலைப் பார்த்தபடி கையெழுத்துப் போட்டார்.

செயப்பாட்டு வாக்கியத்தின் வாலில்
'பை' என்று ஒரு சொல் வரும், அதன்பின் ஆள் பெயர்.
போடலாம், விட்டாலும் பிழையில்லை என்றது பாடப்புத்தகம்.
கதவுக்கும் விட்டேன், விரலுக்கும் விட்டேன்.
பிழையே இல்லை.

தாளின் அடியில் அவர்களே அச்சடித்திருக்கிறார்கள்:
'ப்ரிபேர்டு பை', பக்கத்தில் ஒரு கோடு.
இந்தத் தாள் முழுவதிலும் ஒரே ஒரு 'பை'.
மேசைமேல் கிடந்த ஆரஞ்சுக் கையுறையைத் தள்ளிவைத்து
எழுதினேன்:
ஸ்கைஸ்தே, மூன்றாம் அதிகாரி.